ட்ரெய்லரைப் பார்த்தாலே பாதிப் படம் தெரிந்துவிடுகிறதா?

ஆந்திர எல்லையோர நகரி, புத்தூர்ப் பக்கத் தமிழ் ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பல நேரம் ஆமாம் என்பதே பதில். டீசர் பெரும்பாலும் ஒரு நிமிடத்தோடு முடிந்துவிடும். ஆளையும் ஊரையும் காட்டும், அவ்வளவுதான். வினையெல்லாம் இரண்டரை நிமிட ட்ரெய்லரில். முதலில் அறிமுகம், பிறகு சிக்கல், கடைசி 40 நொடி இசையை ஏற்றி வேகவேகமாக வெட்டிய காட்சிகள். இடைவேளைத் திருப்பமும் கிளைமாக்ஸ் சண்டையும் பெரும்பாலும் அந்த வெட்டுகளில்தான் இருக்கும். நாயகன் நெற்றியில் கட்டு, பின்னால் எரியும் லாரி என்று ஒரு ஷாட் வந்தால் போதும். தியேட்டரில் லாரி எரியும்வரை அவருக்கு ஒன்றும் ஆகாது என்று மனசு கணக்குப் போட்டுவிடும். பதற்றம் போச்சு!

2015-ல் 'டெர்மினேட்டர் ஜெனிசிஸ்' என்ற ஹாலிவுட் படத்தின் ட்ரெய்லர், மனிதர்களின் தலைவனான ஜான் கானர்தான் எதிரி என்ற பெரிய முடிச்சையே அவிழ்த்துவிட்டது. படம் எடுத்தவர் கட்டிக்காத்ததை விளம்பரம் கொட்டிவிடுவது அநியாயம்.

எல்லையோர ஊர்களில் தமிழ், தெலுங்கு இரண்டு ட்ரெய்லரும் போனுக்கு வந்துவிடும். வெட்டு வேறாக இருந்தால், ஒன்று மறைத்ததை மற்றது சொல்லிவிடும். ஒன்றை மட்டும் பாருங்கள், அதையும் முதல் நிமிடத்தோடு நிறுத்துங்கள். யூடியூபில் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ட்ரெய்லர் தானாக ஓட ஆரம்பித்துவிடும்.