காதலும் சஸ்பென்ஸும் கலந்த கதையில் பாத்திரங்களை மனதில் நிற்கும்படி எழுதுவது எப்படி?

உங்கள் தொடரில் மர்ம முடிச்சு நன்றாக இருக்கிறது, ஆனால் நாயகனும் நாயகியும் மனதில் ஒட்டவில்லை என்று வாசகர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வகைக் கதைகளை நிறைய வாசிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலான தொடர்களில் காதல் தனியாக ஓடுகிறது, மர்மம் தனியாக ஓடுகிறது. ஓர் அத்தியாயம் கொலை, அடுத்த அத்தியாயம் மழையில் ஒரே குடை. நாயகன் எதை மறைக்கிறானோ அதற்கும் அவன் காதலிக்கிற விதத்துக்கும் எந்தத் தொடர்பும் இருப்பதில்லை. அந்த இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் என் பதில்.

'புதிய பறவை' படத்தை எடுத்துக்கொள்வோம். 1964-இல் தாதா மிராசி இயக்கத்தில் வந்தது. முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது, அதனால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து மேலே படியுங்கள். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வரும் கோபால், லதாவைச் சந்தித்துக் காதலிக்கிறான். ரயிலைக் கண்டால் நிலைகுலைந்து போகிறான். முதல் மனைவி சித்ரா ரயிலில் விழுந்து தற்கொலை செய்துகொண்டாள் என்று லதாவிடம் சொல்கிறான். புதிய வாழ்க்கை தொடங்கப்போகிற நேரத்தில், "நான்தான் சித்ரா" என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். அவள் போலி என்று கோபாலுக்குச் சந்தேகமே இல்லை. ஏனென்றால் சித்ரா இறந்தது அவன் அடித்த அடியில். உடலைத் தண்டவாளத்தில் போட்டவனும் அவனே.

அவன் நிலையை யோசித்துப் பாருங்கள். வந்தவள் போலி என்று அடித்துச் சொல்ல அவனிடம் இருக்கும் உறுதியான சாட்சியே அவன் செய்த குற்றம்தான். வாயைத் திறந்தால் லதாவை இழப்பான், திறக்காவிட்டாலும் இழப்பான். மர்மம் இறுக இறுகக் காதலும் இறுகுவது இதனால்தான். உங்கள் நாயகனிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: உண்மையைச் சொன்னால் நீ யாரை இழப்பாய்? 'வேலை போகும்', 'வில்லன் கொன்றுவிடுவான்' என்று பதில் வந்தால் கதை துப்பறியும் கதையாக மட்டும் நிற்கும்.

லதா பக்கம் இன்னும் நுட்பமானது. அவள் காவல்துறையைச் சேர்ந்தவள், கோபாலின் வாயிலிருந்தே உண்மையை வாங்கக் காதலியாக நடித்தவள். நடிக்க வந்த இடத்தில் காதல் உண்மையாகிவிடுகிறது. அப்படியானால் லதாவாக வரும் சரோஜாதேவி பேசும் ஒவ்வொரு ஆறுதல் சொல்லுக்கும் இரண்டு அர்த்தம். முதல் முறை பார்க்கும்போது அன்பு, இரண்டாவது முறை பார்க்கும்போது விசாரணை, அதற்குள்ளேயே மறுபடியும் அன்பு. நீங்களும் தொடரை முடித்த பிறகு, உண்மை தெரிந்த கண்ணோடு முதல் அத்தியாயத்திலிருந்து படித்துப் பாருங்கள். அப்போது பொய்யாகத் தெரிகிற வரிகள் இருந்தால், அங்கே வாசகரை ஏமாற்றத்தான் எழுதியிருக்கிறீர்கள், பாத்திரத்தை எழுதவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இந்தப் படத்திலும் ஒரு குறை உண்டு. சித்ரா குடித்தாள், குடும்பத்தை மதிக்கவில்லை என்பதெல்லாம் கோபால் சொல்லித்தான் நமக்குத் தெரியும். அடித்தவன் சொல்கிற கதை அது. செத்துப்போனவள் பக்கத்துக் கதை நமக்குக் கிடைப்பதில்லை. சௌகார் ஜானகியின் நடிப்பு மட்டும் இல்லையென்றால் சித்ரா வெறும் காரணமாகவே நின்றிருப்பாள். இதே வகையில் 1938-இல் டாஃப்னி டு மாரியர் எழுதிய 'ரெபெக்கா' நாவலில் இறந்த மனைவியை உயிராய் நேசித்த வீட்டு நிர்வாகி திருமதி டான்வர்ஸ் இருக்கிறாள். கணவன் சொல்வதற்கு எதிர்க்குரல் அங்கே கிடைக்கிறது. உங்கள் கதையில் செத்தவருக்காக அழுகிற ஒருவரையாவது வையுங்கள். தங்கை, பழைய தோழி, கடன் கொடுத்த மளிகைக்கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி.

அந்த நாவலில் இன்னோர் இடம். மனைவியைச் சுட்டுக் கொன்றதாகக் கணவன் ஒப்புக்கொள்கிறான். கேட்டுக்கொண்டிருக்கும் இளம் இரண்டாம் மனைவியின் மனதில் ஓங்கி நிற்பது கொலை இல்லை. 'இவர் ரெபெக்காவை ஒருபோதும் நேசிக்கவே இல்லை' என்கிற நிம்மதி. வாசிக்கும்போது நமக்கே கூசும், ஆனால் அவள் நிலையில் இருந்தால் அப்படித்தானே இருந்திருப்போம் என்றும் தோன்றும். உணர்ச்சி அடுக்கடுக்காக இருப்பது என்றால் எனக்கு இதுதான். 1940-இல் ஹிட்ச்காக் இதைப் படமாக்கியபோது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகளால் அந்தக் கொலை விபத்தாக மாறியது. கணவனின் பாரம் அங்கே கொஞ்சம் குறைந்துவிட்டது.

இப்போது இணையத் தொடர்களில் 'ஆன்டி ஹீரோ' என்ற பெயரில் வருகிற கொடுமைக்காரர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இருபது அத்தியாயம் அவளை வதைப்பான், பிறகு ஒரு ஃப்ளாஷ்பேக், சின்ன வயதில் அம்மா விட்டுவிட்டுப் போனாள், உடனே மன்னிப்பு. கடந்தகாலம் அவன் ஏன் அப்படி ஆனான் என்று விளக்கட்டும், செய்ததற்குக் கணக்குத் தீர்க்கக் கூடாது. அவள் மன்னிப்பதாக இருந்தால் அதற்கு அவளுக்கென்று ஒரு காரணம் வேண்டும். மன்னிக்க முடியாமலும் நேசிக்கலாம், அதை எழுதுங்கள்.

கடைசியாக, உண்மை உடைகிற இடத்தைக் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளாதீர்கள். நாவலில் உங்களுக்கு இடம் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு போனதும் உடைத்துவிட்டு, எல்லாம் தெரிந்த இரண்டு பேரும் மறுநாள் காலை ஒரே சமையலறையில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். அந்த அத்தியாயம் வரவில்லையென்றால் முந்தைய அத்தியாயங்களில் எதைத் திருத்த வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.