லோட்டஸ் செவன் நகல்: முதல்ல ஆர்சியைப் பாருங்க

அண்ணாச்சி, தூத்துக்குடியில விலைக்கு வந்த லோட்டஸ் செவன் (எடை குறைஞ்ச பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) நகல், மாருதி ஜிப்சி இன்ஜின், ஆர்சியும் ஜிப்சி பேர்லயே இருக்குன்னு எழுதியிருந்தீங்க. அட்வான்ஸ் குடுத்துராதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019-ல உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிட்டு. ஜிப்சி சேஸ் நம்பரை வெட்டிப் புதுசாக் கட்டுன குழாய்ச் சட்டகத்துல ஒட்டியிருந்தா எஃப்சி (தகுதிச் சான்று) புதுப்பிக்கப் போகையில மாட்டும். விபத்துன்னா இன்சூரன்ஸும் கையை விரிச்சிரும்.

சொந்த இடத்துக்குள்ள ஓட்ட மட்டும்னா, சஸ்பென்ஷனைச் சட்டகத்தோட பிடிக்கிற பிராக்கெட் வெல்டிங்கைச் சுத்தி மயிரிழை விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. சட்டகத்தோட அடிப்பக்கக் குழாய்களைச் சின்னச் சுத்தியலால தட்டுங்க. கடல்காத்துல உள்ளே துரு அரிச்சிருந்தா சத்தம் மந்தமா வரும். எடைமேடையிலயும் ஏத்துங்க. அசல் செவன் சுமார் 500 கிலோதான். அதைவிட ரொம்பக் கூடுச்சுன்னா கனத்த குழாய்ல கட்டுனது, அப்புறம் செவன்னு சொல்லிக்க என்ன இருக்கு?