அடியா, விளையாட்டா?

வணக்கம் ஐயா,
போன மாதம் குடும்பமாகப் பொலன்னறுவைக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு பெரிய குரங்கு குட்டியொன்றைப் பிடித்து உருட்டிக் கழுத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. என் மகள் அழுதுவிட்டாள். மாமா கல்லெறிந்து விரட்டினார். அது அடித்ததா, விளையாடியதா? வளர்ந்த மிருகங்களும் விளையாடுமா?
- ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

பிடி தளர்ந்ததும் குட்டி என்ன செய்தது? எனக்கு அதுதான் முதலில் தெரியவேண்டும். உண்மையான சண்டையென்றால் குட்டி வீரிட்டுக் கத்தும், விட்டதும் தாயிடம் ஓடும். நீங்கள் பார்த்தது செங்குரங்காகத்தான் இருக்கும். அவற்றில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை இருப்பவை. தாய், பெரியம்மா, அக்கா என்று உறவெல்லாம் பக்கத்திலேயே இருக்கும். கத்தல் கேட்டால் சும்மா இராது. விளையாட்டென்றால் விட்ட கையோடு குட்டி திரும்பி வந்து வாலைப் பிடித்து இழுக்கும்.

அப்புறம், வாயைப் பாருங்கள். விளையாடும் குரங்கின் வாய் தளர்வாகத் திறந்திருக்கும், கடி பதியாது. மிரட்டும் குரங்கும் வாயைத் திறக்கும், ஆனால் கண்ணெடுக்காமல் முறைக்கும். உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டினால் அது பயம். நம்மவர்கள் அதைச் சிரிப்பென்று நினைத்துப் படமெடுக்கிறார்கள்.

வளர்ந்தவையும் விளையாடும், தம் பலத்தை அடக்கிக்கொண்டு. மின்னேரியாவில் ஒரு செப்டெம்பர் மாலை, பெரிய யானையொன்று கன்றின் உயரத்துக்கு முழங்காலிட்டுத் தலையைக் கொடுத்ததைப் பார்த்தேன். கன்று முட்டித் தள்ள, அது சாய்ந்துகொடுத்தது. ஒரே தட்டில் கன்றை வீழ்த்தக்கூடிய உடம்பு! வெகுநேரம் அந்த இடத்தைவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

உகண்டாவின் கிபாலே காட்டுச் சிம்பன்சிகளைப் பத்து ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்று 2024இல் வெளிவந்தது. பழம் குறைந்த காலத்தில் வளர்ந்தவை தங்களுக்குள் விளையாடுவது குறைந்துபோனது. தாய்மார் மட்டும் குட்டிகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுவதையும் துரத்தி விளையாடுவதையும் விடவில்லை. பஞ்ச காலத்தில் தாயும் குட்டியும் பெரும்பாலும் தனியாகத் திரியும். குட்டிக்கு விளையாட வேறு துணை கிடையாது. தானே இரை தேடி அலைந்து, பாலும் கொடுத்து, அதற்குமேல் விளையாடவும் செய்கிற அந்தத் தாயை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

மாமாவின் கல்தான் என்னைச் சங்கடப்படுத்துகிறது. பயந்து எறிந்திருப்பார், புரிகிறது. அடுத்த முறை போனால் தள்ளி நின்று இரண்டு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். குட்டி திரும்பி வந்ததா என்று மகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.