கும்பிடுகிறவர் குறைந்தால் சாமியின் வலிமை குறையுமா?

(கற்பனை உலக விளையாட்டுகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ரங்கூனிலிருந்து அக்கா பதில்)

*கேள்வி: அக்கா, நாங்கள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டு ஆடுகிறோம். என் கிளெரிக், அதாவது தெய்வத்திடமிருந்து மந்திரம் பெறும் என் கதாபாத்திரம், ஒரு சின்ன கிராமத்து அம்மனின் பூசாரி. அந்த அம்மனுக்கு மொத்தமே நாற்பது குடும்பம்தான். நண்பனுடைய கிளெரிக் தலைநகரத்துப் பெரிய சாமியின் ஆள். "உன் அம்மனுக்குக் கூட்டம் இல்லை, நீ காயம் ஆற்றினால் பாதிதான் பலிக்கும்" என்கிறார் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர். இது நியாயமா? – கல்லூரி மாணவர், பெகு*

விதிப்படி அப்படி எதுவும் இல்லை, தம்பி. காயம் எவ்வளவு ஆறும் என்பது உன் கதாபாத்திரத்தின் லெவலையும் விஸ்டம் (ஞானம்) எண்ணையும் பொறுத்தது. சாமிக்கு எத்தனை பக்தர்கள் என்று அந்தக் கணக்கில் யாரும் கேட்பதில்லை.

உங்கள் மாஸ்டர் இந்த விளையாட்டின் கற்பனை உலகங்களில் ஒன்றான ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். அங்கே பேன், மிர்குல் என்ற இரண்டு தெய்வங்கள் தெய்வங்களின் பொறுப்புகள் எழுதிய விதிப் பலகைகளைத் திருடிவிடுகின்றன. எல்லாத் தெய்வங்களுக்கும் மேலே இருக்கும் ஆவோ கோபத்தில், காவல் தெய்வமான ஹெல்ம் ஒருவரைத் தவிர, அத்தனை பேரையும் மனித உடலோடு பூமிக்குத் தள்ளிவிடுகிறார். அந்த உலகத்துக் கணக்கில் அது 1358ஆம் ஆண்டு. குழப்பம் முடிந்ததும் அவர் ஒரு கட்டளை போடுகிறார்: இனிமேல் தெய்வங்களின் வலிமை அவர்களைக் கும்பிடும் மனிதர்களைப் பொறுத்தது. அதற்கு முன்பு பக்தர்களைத் திரும்பிப் பார்க்காத தெய்வங்கள்கூட அதன் பிறகு பார்த்தே ஆக வேண்டியதாயிற்று. ஆனால் கவனி, கூட்டம் குறைந்தால் தெய்வத்தின் தகுதிதான் இறங்கும். பூசாரியின் மந்திரம் அதற்காகப் பாதியாகாது.

சின்ன சாமிக்கும் பெரிய சாமிக்கும் வித்தியாசம் வேண்டும் என்று மாஸ்டர் நினைத்தால், தலைகளை எண்ணுவதை விட்டுவிட்டு எல்லையை வைக்கச் சொல். நம் எல்லைச்சாமிகளை நினைத்துப் பார். ஊர் எல்லைக்குள் அவர்தான் எல்லாம். இங்கே பர்மாவில் மக்கள் கும்பிடும் ஆவிகளான நாட் தெய்வங்களும் அப்படித்தான். மாண்டலேக்கு வடக்கே தாவுங்பியோன் ஊரில் அண்ணன் தம்பி இருவர் நாட் தெய்வங்களாக இருக்கிறார்கள். பாகானை ஆண்ட அனவ்ரதா மன்னர் அங்கே பகோடா கட்டியபோது அவர்கள் வைக்க வேண்டிய செங்கற்களை வைக்காமல் விட்டதற்காக மரண தண்டனை பெற்றார்கள் என்பது கதை. செங்கல் இல்லாத அந்த இடத்தை இன்றும் அடைக்காமல் வைத்திருக்கிறார்கள். பிறகு மன்னரே அந்த ஊரை அவர்களுக்கு ஆட்சிப் பகுதியாகக் கொடுத்தார். பர்மிய வாகவுங் மாதத்தில் நடக்கும் திருவிழாவுக்கு நாடெங்கும் இருந்து கூட்டம் போகிறது. ஆனாலும் அவர்கள் தாவுங்பியோனின் அதிபதிகள்தான்.

உன் அம்மனுக்கும் அப்படி ஓர் எல்லை கொடுங்கள். ஊருக்குள் உன் மந்திரம் தலைநகரத்துக் கிளெரிக்கைவிட ஒரு படி மேலே நிற்கட்டும். ஊரைத் தாண்டினால் வழக்கமான அளவு போதும். வெளியூர் போகும்போது கோயில் மண்ணை முடிந்து எடுத்துப்போனால் என்ன நடக்கும் என்று மாஸ்டரிடம் கேள். நாற்பது குடும்பம் மட்டும் உள்ள அம்மனுக்கு ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையின் பெயரும் தெரிந்திருக்கும். பெரிய சாமியால் அது முடியுமா? எனக்கு உன் அம்மனைத்தான் பிடித்திருக்கிறது.

*கேள்வி: இல்லாத தெய்வத்தை உண்மையாக நம்பினால் மந்திரம் வருமா? – வாசகி, மோல்மேன்*

எந்த உலகத்தில் ஆடுகிறாய் என்பதைப் பொறுத்தது, தங்கச்சி. பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் கோலாரியன் உலகத்தில் ராஸ்மிர் என்று ஒருவன் தன்னைத் தெய்வம் என்று சொல்லிக்கொண்டு ஒரு நாட்டையே ஆள்கிறான். உண்மையில் அவன் ஒரு மந்திரவாதி. அவனுடைய பூசாரிகளுக்குத் தெய்வ மந்திரம் வராது, வேறு வித்தைகளை வைத்துத்தான் சமாளிக்கிறார்கள். அதே உலகத்தில் ஆரோடன் என்ற உண்மையான தெய்வம் இறந்தபோது அவருடைய கிளெரிக்குகளின் சக்தி போய்விட்டது. அவர்களுடைய நம்பிக்கை குறையவில்லை. கொடுக்கிறவர்தான் இல்லை.

2004இல் வெளிவந்த எபெரான் என்ற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உலகம் இதற்கு நேர் எதிர். அங்கே தெய்வங்கள் பூமிக்கு வருவதில்லை, அவர்கள் இருக்கிறார்களா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் கிளெரிக்குகளுக்கு மந்திரம் வருகிறது. பிளட் ஆஃப் வோல் என்ற மார்க்கத்தார் தெய்வத்தன்மை தங்கள் ரத்தத்துக்குள்ளேயே இருப்பதாக நம்புகிறார்கள், அவர்களுக்கும் வருகிறது. கெட்டுப்போன பூசாரிக்கும் மந்திரம் நிற்காமல் வரலாம். இது சிலருக்குக் குறையாகத் தெரியும். நான் அதைப் பெரிய பலமாக நினைக்கிறேன். மந்திரம் பலித்ததாலேயே ஒருவர் நல்லவர் என்று ஆகாத உலகத்தில், ஒவ்வொரு பக்தரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் மேசையில் மிக நல்ல பேச்சுகள் அங்கேதான் பிறந்திருக்கின்றன.

*கேள்வி: என் மகன் இந்த விளையாட்டில் பூசாரியாக ஆடுகிறான். தெய்வ காரியத்தை விளையாட்டாக்குவது தப்பில்லையா அம்மா? – ஒரு தந்தை, ரங்கூன்*

ஐயா, நீங்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. 1980இல் இந்த விளையாட்டுக்கென்றே வந்த ஒரு தெய்வங்கள் புத்தகத்தில் இந்திரனுக்கும் காளிக்கும் ஹிட் பாயின்ட் போட்டிருந்தார்கள். அதாவது, எத்தனை அடி அடித்தால் சாய்வார்கள் என்ற கணக்கு. அதை என் மேசையில் நான் அனுமதிப்பதில்லை. என்னோடு பர்மிய நண்பர்களும் உட்கார்ந்து ஆடுகிறார்கள், அவர்கள் வீட்டில் நாட் இருக்கிறார். என் வீட்டில் மாரியம்மன் இருக்கிறாள். யாருடைய வீட்டுச் சாமியின் பெயரையும் ஆட்டத்துக்குள் கொண்டுவர மாட்டோம். காப்புக் கட்டுவது, விரதம் இருப்பது, பொங்கல் வைப்பது என்று வழிபாட்டின் முறைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், சாமி கற்பனைச் சாமியாகவே இருக்கும். மகன் ஆடும்போது ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவன் தன் சாமிக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறான் என்றும் கேளுங்கள்.

*கேள்வி: எங்கள் கிளெரிக் கையை நீட்டுகிறார், காயம் ஆறிவிடுகிறது, அவ்வளவுதான். பக்தியே தெரியவில்லை. என்ன செய்யலாம் அக்கா? – கேம் மாஸ்டர், தட்டோன்*

சாமிக்கு ஏதாவது கொடுக்க வையுங்கள். 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் விளையாட்டைப் பாருங்கள். அங்கே தெய்வத்திடமிருந்து பெரிய மந்திரம் வேண்டுமென்றால் உங்கள் கதாபாத்திரத்தின் பவர் எண்ணிலிருந்தே ஒரு பங்கை அர்ப்பணிக்க வேண்டும். வாங்குகிறவருக்கு வலிக்கும். அதனால் அந்த மந்திரத்தை அவர் மறக்கவே மாட்டார்.

எண்களைத் தொட மனமில்லை என்றால் நேர்த்திக்கடனைக் கொண்டுவாருங்கள். நான் வைத்திருக்கும் முறை இது: அன்றைய மந்திரங்கள் தீர்ந்த பிறகும் கிளெரிக் இன்னொரு முறை கேட்கலாம், கிடைக்கும். ஆனால் கேட்கும்போதே என்ன செய்வேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அடுத்த பௌர்ணமிக்குள் செய்து முடிக்க வேண்டும். செய்யாவிட்டால் இடி விழாது, அந்த ஒரு மந்திரம் மட்டும் கடன் தீரும்வரை வராது. இது வந்ததிலிருந்து எங்கள் ஆட்டக்காரர்கள் சண்டைக்கு நடுவிலும் யோசித்துத்தான் வாய் திறக்கிறார்கள்.

கொடுக்கும் பொருள் அந்தச் சாமியின் கதையிலிருந்து வர வேண்டும், அது ரொம்ப முக்கியம். பர்மிய வீடுகளில் சிவப்புத் துணி சுற்றித் தேங்காய் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மின் மகாகிரி என்ற நாட் தெய்வத்துக்கு. தகவுங் ஊர்க் கொல்லரான அவரை ராஜா சண்பக மரத்தில் கட்டி எரித்தார். தங்கையும் அந்தத் தீயில் பாய்ந்தாள். வெந்த உடம்புக்கு இளநீர் குளிர்ச்சி, அதனால் தேங்காய். காணிக்கையைப் பார்த்தாலே அவருக்கு என்ன நேர்ந்தது என்று புரிந்துவிடும். உங்கள் உலகத்துச் சாமி எப்படிச் செத்தார், எதற்கு ஏங்குகிறார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். படையல் என்ன என்பது தானாக வரும்.

*கேள்வி: தெய்வங்களே இல்லாத உலகத்தில் கிளெரிக் ஆடலாமா? – வாசகர், மாண்டலே*

ஆடலாம். 1991இல் வந்த டார்க் சன் உலகத்தில் தெய்வங்கள் கிடையாது. கிளெரிக்குகள் நெருப்பு, நீர், காற்று, மண்ணிடமிருந்து மந்திரம் பெறுகிறார்கள். டெம்ப்ளர் என்ற அதிகாரிகளுக்கு நகரத்தை ஆளும் கொடுங்கோல் மன்னரே மந்திரம் கொடுக்கிறார். டிராகன்லான்ஸ் கதையிலோ தெய்வங்கள் உலகத்தை விட்டு விலகிப்போய்விட்டதால், நெடுங்காலம் உண்மையான கிளெரிக்கே இல்லை.

இரண்டாவது வகையை எடுத்தால் ஒன்றை முதலிலேயே யோசித்துவிடுங்கள். மந்திரம் நின்றுபோன பிறகும் சிலர் கோயிலைப் பெருக்கி விளக்கேற்றிக்கொண்டுதான் இருப்பார்கள். ஏன் என்று ஆட்டக்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். அதற்கான பதிலை ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தம்பி.