மாம்பலத்துல கறிவேப்பிலை மஞ்சளா நிக்குதுன்னா முதல்ல மண்ணை தோண்டி பாருங்க

மேற்கு மாம்பலத்துல இருந்து ஒருத்தங்க கேட்டிருக்காங்க. பழைய வீட்டை இடிச்சு கட்டி மூணு வருஷம் ஆச்சாம், பின்னாடி பத்துக்கு பன்னெண்டு அடி இடம். கறிவேப்பிலை கொழுந்து மஞ்சளா வருது, செம்பருத்தி மொட்டு கொட்டிடுது, மழை பெஞ்சா ரெண்டு நாள் தண்ணி நிக்குது, ஆனா அதே நர்சரில வாங்கின செடி திருவான்மியூர்ல அக்கா வீட்ல ஜோரா வருது, ரெண்டு லோடு செம்மண் அடிச்சா சரியாகுமான்னு கேக்கறாங்க.

தயவுசெஞ்சு அடிக்காதீங்க, இப்போதைக்கு ஒரு கூடை கூட வேணாம்.

அக்கா வீட்டோட ஒப்பிடாதீங்க, ரெண்டும் வேற வேற மண்ணு. திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம் எல்லாம் கடலோர மணல், தண்ணி ஊத்தினா சல்லுனு இறங்கிடும், வேர் அழுகாது, ஆனா போடற உரமும் கூடவே போயிடும். மாம்பலம், தி.நகர், விருகம்பாக்கம், அண்ணா நகர் பக்கமெல்லாம் களிமண். தி.நகரே 1920கள்ல ஏரிய தூர்த்து உண்டாக்கின ஊருதான், உங்க பக்கத்துல லேக் வியூ ரோடுன்னு இன்னும் பேரு இருக்கே, அது அந்த ஏரிய வெச்சு வந்த பேருதான். களிமண்ணு மோசமான மண்ணு இல்லீங்க, சத்தை புடிச்சு வெச்சுக்கும், வெயில் காலத்துல ஈரமும் தாங்கும். காத்து போறதுக்கும் தண்ணி இறங்கறதுக்கும் வழி இல்லாததுதான் அதுல பிரச்சன.

ஆனா எனக்கு சந்தேகம் களிமண்ணு மேல இல்ல, அந்த இடிச்சு கட்டின கதை மேலதான். இந்த வாரம் ஒரு அடி ஆழம் ஒரு குழி தோண்டுங்க. இடிச்சு கட்டின வீட்டுல நான் எங்க தோண்டினாலும் மேல அரை அடிக்கு செங்கல் உடைசல், சிமென்ட் கட்டி, டைல்ஸ் துண்டு, பழைய சுண்ணாம்பு காரை எல்லாம் கலந்து ரப்பிஷ்தான் வரும், அதுக்கு கீழதான் கருப்பா வழவழன்னு நிஜமான களி ஆரம்பிக்கும். கட்டி இல்லாம ரெண்டு ஸ்பூன் மண்ணை காய வெச்சு ஒரு தட்டுல போட்டு வினிகர் ஊத்துங்க. புஸ்ஸுன்னு நுரைச்சா மண்ணுல சுண்ணாம்பு நிறைய இருக்குன்னு அர்த்தம். சுண்ணாம்பு ஏறினா மண்ணுல இரும்புச்சத்து இருந்தாலும் வேரால எடுக்க முடியாது. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா அதான் காரணம். பழைய இலை முதல்ல மஞ்சளானா அது வேற, பெரும்பாலும் தழைச்சத்து பத்தலன்னு அர்த்தம்.

அதே குழில தண்ணி நிரப்பி முழுசா இறங்க விடுங்க, மறுபடி நிரப்பி ஒரு ஸ்கேலை நட்டு ஒரு மணி நேரம் கழிச்சு பாருங்க. ஒரு இஞ்ச் கூட இறங்கலன்னா மொட்டு கொட்டறதுக்கும் அந்த தண்ணி நிக்கறது ஒரு காரணமா இருக்கலாம். இன்னொன்னு, ஒரு கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மண்ணு, மீதி தண்ணி, ஒரு சிட்டிகை சோப்பு தூள் போட்டு அஞ்சு நிமிஷம் நல்லா குலுக்கி ஜன்னல்ல அசைக்காம வைங்க. மணல் ஒரு நிமிஷத்துல அடில உக்காந்துடும், வண்டல் ரெண்டு மணி நேரம் எடுக்கும், களி ஒரு நாள் ரெண்டு நாள் கூட கலங்கலாவே நிக்கும். தெளிஞ்சதும் படிஞ்ச மண்ணுல பாதிக்கு பாதி களின்னா சந்தேகமே வேணாம்.

மணல் கலக்க சொல்லுவாங்க, கலக்காதீங்க. களில கொஞ்சமா மணல் சேர்ந்தா காஞ்சப்புறம் செங்கல் மாதிரி இறுகிடும், பாதிக்கு மேல மணல் போட்டாதான் குணமே மாறும், அவ்வளவு மணலுக்கு எங்க போறது. எம்-சாண்ட், கடல் மணல் ரெண்டும் தோட்டத்துப் பக்கமே வேணாம். செம்மண்ணும் அப்படித்தான், களி மேல கொட்டினா தண்ணி செம்மண்ணுல இறங்கி களி மேல வந்து நின்னுடும், அங்கதான் வேர் அழுகும். நான் ஒரு தடவ லோடு வாங்கி கோரைக்கிழங்கும் சேர்ந்து வந்து ரெண்டு வருஷம் பிடுங்கிட்டு கிடந்தேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கையால எடுக்க முடிஞ்ச கட்டி, காரை எல்லாம் பொறுக்கி வெளிய போடுங்க, இதுதான் பெரிய வேலை, ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆகும். மண்ணு புட்டு மாதிரி உதிரற ஈரத்துல மட்டும் கொத்துங்க, சேறா இருக்கும்போது மிதிக்கவே மிதிக்காதீங்க. மக்கின தொழு உரமோ கம்போஸ்ட்டோ மூணு இஞ்ச் கனத்துக்கு பரப்பி மேல் அரை அடில கலந்துட்டு, பாத்தியை ஒரு அடி உசரமா மேடு கட்டி அதுல நடுங்க. மேல சருகு மூடி வைங்க.

கறிவேப்பிலைக்கு உடனடி உதவியா ஒரு லிட்டர் தண்ணில 5 கிராம் அன்னபேதி (இரும்புச்சத்து உப்பு, ஃபெரஸ் சல்பேட்), அரை எலுமிச்சம்பழ சாறு கலந்து சாயந்திரமா இலை மேல தெளிங்க, பத்து நாள் விட்டு இன்னொரு தடவ. புளிச்ச மோர் ஊத்தறது பாட்டி காலத்து பழக்கம், கெடுதல் இல்ல, ஆனா காரை கிடக்கற மண்ணுக்கு அது பத்தாது.

ஜிப்சம், அதாவது உப்பு (சோடியம்) ஏறின களிமண்ணுக்கு போடறது, அதை போட சொன்னாங்கன்னா மண் பரிசோதனை பண்ணாம போடாதீங்க. நாலஞ்சு எடத்துல அரை அடி ஆழத்துக்கு வி மாதிரி வெட்டி, ஓரத்து மண்ணை சுரண்டி எடுத்து எல்லாத்தையும் கலந்து, நிழல்ல காய வெச்சு அரை கிலோ குடுத்தா வேளாண்மைத் துறையோட மண் பரிசோதனை நிலையத்துல பாத்து சொல்லுவாங்க. உரம் போட்ட எடத்துல எடுக்காதீங்க. போர் தண்ணிதான் ஊத்தறீங்கன்னா அதையும் ஒரு பாட்டில்ல கொண்டு போங்க, உப்பு அதுல இருந்து வருதான்னு தெரியணும். ஐப்பசி மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேடு கட்டி முடிச்சிடுங்க, அந்த கறிவேப்பிலையை மட்டும் பிடுங்கிடாதீங்க, அது பிழைச்சுக்கும்.