ஆகஸ்டில் பிரசோனிசி, ஆறு வயதுப் பெண்ணோடு

வணக்கம். கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவுக்கு ஆகஸ்டில் வருகிறோம், விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகையில் காற்றால் கடலில் ஓடும் விளையாட்டு) பார்க்க பிரசோனிசி போனால் ஆறு வயது மகள் அங்கே குளிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். போகலாம். நாள் முழுக்க மட்டும் வேண்டாம்.

பிரசோனிசி என்பது தீவின் தென்கோடியில் ஒரு மணல்திட்டு, இரு பக்கமும் கடல். மேற்கில் ஏஜியன் கடல், அலை அடிக்கும். கிழக்கில் தண்ணீர் தட்டையாக இருக்கும், குழந்தைக்கு இதுதான் சரி என்று தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும். கோடையின் மெல்டெமி காற்று திட்டைத் தாண்டி வந்து, கிழக்குக் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். காற்றடைத்த மிதவை எதையும் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். என் கண்முன்னே ஒரு மஞ்சள் மிதவை நழுவி, கொஞ்ச நேரத்தில் புள்ளியாகிவிட்டது. நல்லவேளை, அதில் யாரும் இல்லை. முழங்கால் ஆழம் போதும், கடல் பக்கம் நீங்கள் நில்லுங்கள்.

குடை நிற்காது. பறக்கும் மணல் நமக்குக் கெண்டைக்காலில் குத்தும். உட்கார்ந்து விளையாடும் குழந்தைக்கு முகத்தில் படும். கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் அவசியம்.

ரோட்ஸ் நகரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். காலையிலேயே கிளம்புங்கள், மதியத்துக்கு மேல் காற்று ஏறும். அப்புறம் திரும்பும் வழியில் லிண்டோஸில் புனித பவுல் குடா இருக்கிறது. சுற்றிலும் பாறை, சின்னக் குடா. மகள் ஆசைதீர நீந்தட்டும்.