பெங்களூருவில் வசந்தம் உண்டா? மாகடி சாலைப் புரசமரமும் எங்கள் வீட்டு ஈஸ்டர் முட்டையும்

கேள்வி: "பெங்களூரு வந்து ஒரு வருடம் ஆகிறது. பிப்ரவரி கடைசியிலேயே வெயில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. இங்கே வசந்தம் என்று ஒன்று உண்டா? காட்டுப்பூ பார்க்க நடப்பது, ஈஸ்டர் முட்டை எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் சமாச்சாரம்தானே?"

கடைசி வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் சென்னையிலிருந்து வந்தவர் என்று நினைக்கிறேன். நானும் அங்கிருந்துதான் வந்தேன். 2006-இல் கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்குத் தெரிந்த பருவங்கள் இரண்டுதான், வெயிலும் மழையும். தமிழ்க் கணக்கில் சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். இந்த ஊரில் மாசியிலேயே மரங்கள் தொடங்கிவிடும். கப்பன் பூங்காவில் இளஞ்சிவப்பு டபிபூயா, அடுத்து ஊதா ஜகரண்டா, நடுவில் தெருவெல்லாம் புங்கையின் பளபளக்கும் புதுத் தளிர். 1908-இல் லால்பாகின் பொறுப்புக்கு வந்த கிரும்பீகல் என்ற ஜெர்மானியர், ஒரு மரம் ஓய்ந்ததும் இன்னொன்று பூக்கும்படி வருடம் முழுவதற்கும் யோசித்து மரங்களைத் தேர்ந்தெடுத்தவர். நாம் சிக்னலில் நின்று அண்ணாந்து பார்ப்பது அந்த யோசனையின் பலன்.

டபிபூயாவும் ஜகரண்டாவும் அமெரிக்கக் கண்டத்து மரங்கள், நம்முடையவை இல்லை என்று இப்போதே யாராவது கருத்துப் பெட்டியில் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். உண்மைதான். ஆனால் நான் சொல்ல வந்த மரம் வேறு. அது நம்முடையதேதான்.

நான் பிறந்து வளர்ந்தது புரசைவாக்கத்தில். ஊரின் பெயரிலேயே புரசு இருக்கிறது. கங்காதரேசுவரர் கோயிலின் தலமரமும் அதுதான். சிறுவயதில் அந்தக் கோயிலுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன், புரசு பூத்துப் பார்த்த நினைவே இல்லை. முதல் முறை அதைப் பூவோடு பார்த்தது நாற்பது வயதுக்கு மேல், 2024 மார்ச் முதல் வாரத்தில், சாவன்துர்காவுக்குப் போகும் வழியில்.

எங்கள் வீட்டு நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் இந்துக் குடும்பம். கணவர் வீடு கத்தோலிக்கர்கள், மூன்று தலைமுறையாக சிவாஜிநகர் பக்கம் இருக்கும் தமிழர்கள். ஈஸ்டருக்கு முன்னால் வரும் நோன்புக் காலமான தவக்காலம் நாற்பது நாளும் அத்தை கறி, மீன், முட்டை தொட மாட்டார். அந்த வருடம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 14, ஈஸ்டர் மார்ச் 31. பெங்களூருவில் தண்ணீர்த் தட்டுப்பாடு தலைவிரித்தாடிய வருடமும் அதுதான். போர்வெல் வற்றி, டேங்கர் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அத்தைக்கு அதுவே மனதில் பாரமாகிவிட்டது. குழாயைத் திறக்கவே பயப்பட்டார். ஒரு நாளாவது வெளியே கூட்டிப் போகலாம் என்றுதான் கிளம்பினோம்.

சாவன்துர்கா மாகடி பக்கம், ஊரிலிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர். கரிகுட்டா, பிலிகுட்டா என்று இரண்டு குன்றுகள் சேர்ந்த பெரும்பாறை, உயரம் 1,226 மீட்டர். உச்சிக்கு ஏறுவது செங்குத்து. அத்தையின் முழங்காலுக்கு அது முடியாது. ஏறாவிட்டால் அது என்ன ட்ரெக்கிங் என்பவர்களுக்கு: அடிவாரத்தில் வீரபத்திரர் கோயில், நரசிம்மர் கோயில் பக்கமாக நிழல் பார்த்து ஒரு மணி நேரம் நடந்தாலே போதும். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், பத்துக்குமேல் பாறை கொதிக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகள் உண்டு.

புரசு நின்றது மலையில் அல்ல, அதற்கு முன்பே சாலையோரம் ஒரு வயல் வரப்பில். ஓர் இலை இல்லை. கிளை முழுக்க கிளிமூக்கு போல வளைந்த செம்மஞ்சள் பூக்கள், உள்ளே தேன்சிட்டு. சுற்றிலும் காய்ந்த புல்லும் வறண்ட குட்டையும். வண்டியை நிறுத்தச் சொல்லி அத்தை இறங்கினார். கீழே கிடந்த ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு, "வாசனையே இல்லையேம்மா" என்றார். அப்புறம் வெகு நேரம் பேசவில்லை. கடைசியில், "இதுக்கு யாரு தண்ணி விட்டா?" என்று மட்டும் கேட்டார்.

வயலுக்குச் சொந்தக்கார அம்மா வந்தார். கன்னடத்தில் இந்த மரம் முத்துகா. உதிர்ந்த பூவை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதும் அவரே எங்களோடு குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். காட்டிலிருந்து பூப் பறித்தோம் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். காட்டுக்குள் ஒரு இலையைக்கூட நாங்கள் தொடவில்லை. நீங்களும் தொடாதீர்கள்.

வடக்கே ஹோலிக்கு இந்தப் பூவைக் கொதிக்கவைத்துத்தான் சாயம் எடுப்பார்கள் என்று அத்தைக்குச் சொன்னேன். அவர் உடனே, "அப்போ முட்டைக்குப் போடலாமே" என்றார். பூவை நிழலில் காயவைத்தோம். பெரிய வெள்ளி வந்தது. ஒரே வேளை சாப்பாடு, மூன்று மணி வழிபாடு, சர்ச்சில் கொடுத்த கஞ்சி. வீட்டில் மற்றவர்களுக்கு ஃப்ரேசர் டவுன் பேக்கரியிலிருந்து ஹாட் கிராஸ் பன், திராட்சையும் பட்டையும் போட்டு மேலே மாவால் சிலுவைக் கோடு இழுத்தது. பெரிய சனியன்று காலை, ஊறவைத்த பூவை அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு, வேகவைத்த வெள்ளை முட்டைகளை அதில் போட்டோம். நாட்டு முட்டை வேண்டாம், ஓட்டின் பழுப்பில் நிறம் தெரியாது. செம்மஞ்சள் வரும் என்று நினைத்தேன். இரவு சர்ச்சில் திருவிழிப்பு வழிபாடு முடிந்து வந்து எடுத்துப் பார்த்தால் மஞ்சள். சாமந்தியின் மஞ்சள். நாற்பது நாள் முட்டை தொடாத கையால் அத்தை அதைத் துடைத்துத் தட்டில் வைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்திலேயே மார்சிபான் முட்டை, பாதாமும் சர்க்கரையும் பிசைந்து முட்டை வடிவில் அச்செடுக்கும் இனிப்பு. அதையும் வெளிநாட்டுப் பண்டம் என்பீர்கள். பாதாமுக்குப் பதிலாக இங்கே பல வீடுகளில் முந்திரிதான். முந்திரி பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது, அதை நாம் பொங்கலில் போடாமலா இருக்கிறோம்? முந்திரிப் பொடி, அதே அளவு சர்க்கரைப் பொடி, முட்டை வெள்ளைக்கரு, கொஞ்சம் ரோஜாப் பன்னீர். சின்னத் தீயில் ஓரம் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளறி, ஆறியதும் நன்றாகப் பிசைந்து அச்சில் அழுத்த வேண்டும். பிசைவதில்தான் எல்லாம் இருக்கிறது. அத்தை இருபது நிமிடம் பிசைவார்.

அந்தச் சாயம் சமையலறைக் கல்லில் கொஞ்சம் சிந்திவிட்டது. அடுத்த வருடம் வீடு காலி செய்தபோது உரிமையாளர் அதைக் காட்டி அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார். பெயின்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது இந்த ஊர் வழக்கம், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து மாத வாடகையை வட்டியில்லாமல் பல வருடம் வைத்திருந்துவிட்டு, எலுமிச்சை தேய்த்தால் போகிற கறைக்கு இன்னொரு மாதம் பிடிப்பது எந்த நியாயம்? ஒப்பந்தத்தில் "பெயின்ட்" என்று மட்டும் எழுதியிருந்தால் தொகையையும் எழுதச் சொல்லுங்கள். நீங்களும் புதிதாக வந்தவர் என்பதால் சொல்கிறேன். இன்னும் எனக்கு ஆறவில்லை.

சரி, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஒரு டப்பாவில் மார்சிபான் எடுத்துக்கொண்டு அதே வயலுக்குப் போனோம். மரத்தில் ஒரு பூ இல்லை. மூன்று மூன்றாய்ப் பச்சை இலை துளிர்விடத் தொடங்கியிருந்தது. அந்த அம்மா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு மீதியைப் பேரனுக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டார். போய் வருகிறோம் என்றதும் உள்ளே போய், முத்துகா இலையில் தைத்த சாப்பாட்டுத் தட்டு ஒரு கட்டு கொண்டுவந்து அத்தையின் கையில் கொடுத்தார். தண்ணீர்த் தட்டுப்பாடு தீரும்வரை எங்கள் வீட்டில் அதில்தான் சாப்பிட்டோம், பாத்திரம் கழுவும் வேலை மிச்சம்.